எதிரே வருகிறவர் டிம் அடிக்காவிட்டால்...

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 46. ஊர் நீடாமங்கலம் பக்கம். கும்பகோணத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்கராக இருக்கிறேன். பல வருடம் பைக்கில் போய்வந்தேன். இரண்டு வருடமாகத்தான் கார். தினமும் ஆலங்குடி, வலங்கைமான் வழியாகப் போய்வருகிறேன். ரோட்டில் ஏறினாலே ரத்தம் கொதிக்கிறது. இண்டிகேட்டர் போடாமல் திரும்புகிறான். இடது பக்க இடுக்கில் புகுந்து வருகிறான். பின்னால் ஒட்டிக்கொண்டு விடாமல் ஹாரன் அடிக்கிறான். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திக் கதை பேசுகிறான். பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டுவிட்டு நம்மை முறைக்கிறார்கள். ரயில்வே கேட் போட்டால் ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். ராத்திரியில் ஒருத்தன்கூட டிம் அடிப்பதில்லை. அதனால் நானும் இப்போது பிரைட்டிலேயே போகிறேன், அப்போதாவது புத்தி வரட்டும். போன மாதம் ஆலங்குடியில் என்னை உரசுகிற மாதிரி கட் அடித்துப் போன ஒரு பையனை வலங்கைமான் வரை விரட்டிப் போய் மறித்துத் திட்டினேன். காதில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டான். என் மனைவி இப்போதெல்லாம் என் காரில் வராமல் பஸ்ஸில் போகிறாள். பத்தாவது படிக்கும் மகன், டியூஷனுக்கு ஸ்கூட்டியில் போகும்போது என்னைப் போலவே எல்லோரையும் திட்டுகிறானாம். தப்பு என்மேலா, ரோட்டின்மேலா? ஒரு டேஷ் கேமரா வாங்கி மாட்டி இவர்களையெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமா?

– நீடாமங்கலம் வாசகர்

பதில்:

தம்பி, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அப்படியே கூப்பிடுகிறேன். நீங்கள் எழுதியதில் எதுவும் பொய்யில்லை. கும்பகோணத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன் நான்; எல் போர்டு கட்டிய வண்டியோடு அதே வலங்கைமான் ரோட்டில்தான் நானும் பிழைக்கிறேன். எல் போர்டைப் பார்த்தால் நம் மக்களுக்கு வருகிற இளக்காரம் தனி. ஆகையால் உங்கள் எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கோபத்தைச் செலவழிக்கிறீர்கள். பாலத்தில் நின்று கதை பேசுகிறவரும் கேட்டில் எதிர்த்திசையை அடைக்கிறவரும் ஒரே ஆள் இல்லை. நெல் காயப்போடுகிறவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம். அதற்கு முன்னால், நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரிக்கு வருகிறேன்: "அதனால் நானும் பிரைட்டிலேயே போகிறேன்."

உங்கள் கடிதத்தில் இருக்கிற குற்றங்களில் உயிர் போகக்கூடியவை சில உண்டு. அதில் இது ஒன்று. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். எதிர்வெளிச்சம் கண்ணில் அடித்து இரண்டு விநாடி ஒன்றும் தெரியவில்லை என்றால், 33 மீட்டர் நீங்கள் குருட்டாம்போக்கில் ஓட்டியிருக்கிறீர்கள். அவருக்குப் புத்தி புகட்டுகிறேன் என்று நீங்களும் பிரைட் அடித்தால், அவரும் அதே 33 மீட்டர் குருடாக உங்களை நோக்கி வருவார். நடுவில் சென்டர் மீடியன் இல்லாத, இரண்டு வண்டி தாராளமாக ஒதுங்க இடமில்லாத ரோடு. யாருக்குப் புத்தி வரும்?

நடுவில் மாட்டுகிறவர் பெரும்பாலும் மூன்றாவது ஆள். இடது ஓரத்தில் விளக்கில்லாமல் சைக்கிளில் போகிறவர், சாயங்காலம் வயலிலிருந்து திரும்புகிறவர். ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்தை ஒட்டி, செப்டம்பர் 8 வரைக்கும் ராத்திரி ராத்திரியாக நடந்தே போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பிரைட்டுக்கு நடுவில் அவர்கள் யார் கண்ணிலும் தென்படமாட்டார்கள்.

நான் என் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதுதான். எதிரே வெளிச்சம் தெரிந்தவுடன் முதலில் நீங்கள் டிம் அடியுங்கள். அவர் இறக்கவில்லையா, ஒரே ஒரு முறை பிரைட்டைக் காட்டி உடனே இறக்குங்கள். இரண்டாவது முறை வேண்டாம். ஒரு முறை காட்டினால் ஞாபகப்படுத்தல், நாலு முறை காட்டினால் சண்டை. பிறகு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, அந்த விளக்கைப் பார்க்காமல் ரோட்டின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். கோடு அழிந்துபோன ரோடாக இருந்தால் தார் முடிகிற விளிம்பைப் பாருங்கள். ஆற்றங்கரை ரோட்டில் இந்தப் பழக்கம் இல்லாதவர்தான் வெளிச்சத்துக்கு ஒதுங்குகிறேன் என்று கரையில் இறங்குவார்.

டிம் அடிக்காதவர் எல்லாரும் திமிர் பிடித்தவர் என்று நினைக்காதீர்கள். டேஷ்போர்டில் நீலமாக ஒரு சின்ன விளக்கு எரியும். பிரைட் ஓடுகிறது என்று அர்த்தம். லைசென்ஸ் எடுத்துப் பல வருடம் கழித்து, கார் வாங்கிவிட்டேன், ஒரு வாரம் பழக்கிவிடுங்கள் என்று வருகிறவர்களிடம் அந்த விளக்கைக் காட்டி என்ன என்று கேட்பேன். ஏசி என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு ரகம், டிம்மில்தான் போகிறார், ஆனாலும் நம் கண்ணைக் குத்தும். டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி, பின்சீட்டில் மூன்று பேர் என்றால் வண்டியின் பின்புறம் அமுங்கி முன்புறம் தூக்கும், வெளிச்சமும் தூக்கும். பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று ஒரு குமிழ் இருக்கும். லோடு கூடும்போது எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் இறங்கும். உங்கள் காரில் அந்தக் குமிழ் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஊரிலிருந்து அரிசி மூட்டை ஏற்றாமல் கும்பகோணம் போகிற ஆள் இல்லை நீங்கள் என்று நினைக்கிறேன்.

கண்ணாடியையும் பாருங்கள். வயலுக்கு நடுவே ஓடுகிற ரோட்டில் பொழுது சாய்ந்தால் பூச்சி மொத்தமாக வந்து முன்கண்ணாடியில் அப்பும். அதை அப்படியே வைப்பரால் தேய்த்தால் கொழகொழவென்று ஒரு படலம் ஆகிவிடும். எதிர்வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும். உள்பக்கமும் ஒரு படலம் படியும், அதை யாரும் துடைப்பதே இல்லை. நாற்பது தாண்டினால் வெள்ளெழுத்து மட்டும் வருவதில்லை, கூசின கண் பழைய நிலைக்குத் திரும்பவும் நேரம் கூடும். விளக்கைச் சுற்றி வளையம் மாதிரி தெரிந்தால் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஊரே திடீரென்று பிரைட்டில் ஓட்ட ஆரம்பித்துவிட்டது என்று நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சொல்ல ஆரம்பிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம் வரும்.

அடுத்து நெல். நீங்கள் கிராமத்துக்காரர், உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனாலும் ஏசி போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் தெரிந்ததும் மறந்துபோகும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. அதற்கு மேல் காட்டினால் மூட்டை அங்கேயே கிடக்கும். அரசு அந்த வரம்பைத் தளர்த்தும் வரை காத்திருக்கவேண்டும். கையறுப்புக் காலத்தில் தாள் வயலில் கிடந்து கொஞ்சம் உலரும். மிஷின் அறுப்பில் நெல் பச்சையாகவே கொட்டுகிறது. குறுவை அறுவடை மழைக்காலத்தின் வாசலில் வந்து நிற்கும். ஊர்க் களம் ஒன்று இருந்தால் அதற்குப் பத்துப் பேர் போட்டி. தார் ரோடு சுடுகிறது, தண்ணீர் நிற்காது, லாரி வந்து நிற்கவும் தோது. அவர் உங்களை முறைக்கவில்லை தம்பி; மேகத்தைப் பார்த்துவிட்டு அதே முகத்தோடு உங்களைப் பார்க்கிறார்.

இதை வைத்து ரோட்டில் காயப்போடுவது சரி என்று நான் சொல்லவில்லை. பைக்குக்கு அது பரல் பரப்பின தரை. பிரேக்கைத் தொட்டால் சறுக்கும். அதைவிட மோசம், நெல்லைச் சுற்றி எல்லை வைக்கிற கல். பொழுதோடு நெல்லை அள்ளிவிடுகிறார்கள், கல்லை எடுப்பதில்லை. ராத்திரி பத்து மணிக்கு இரண்டாவது ஷோ பார்க்கப் போகிற பையனுக்கு அந்தக் கல் தெரியாது. இதற்கு நீங்கள் கோபப்படலாம். ஆனால் ஓடுகிற காரிலிருந்து கத்திவிட்டுப் போனால் கல் நகராது. ஒரு நாள் பகலில் நிறுத்தி, இறங்கி, "அண்ணே, கல்லுக்குப் பதிலா மண்ணு அடைச்ச சாக்கு வைங்கண்ணே, எங்க பக்கத்துல இதுல ஒருத்தன் விழுந்துட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். உள்ளூர்க்காரன் வாயிலிருந்து வந்தால் கேட்பார்கள். கேட்காவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லலாம்.

பங்குனி, சித்திரையில் உளுந்துச் செடியைப் பரப்பி வைப்பார்கள், நம் டயர்தான் அவர்களுக்குப் போரடிக்கிற மாடு. அதன் மேல் ஏற்றாமல் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். காய்ந்த செடி அடியில் சுற்றிக்கொண்டு சூடான சைலன்சர் குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். வேறு வழியில்லாமல் ஏற்றிவிட்டால், தாண்டிப் போய் ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்துவிட்டுப் போங்கள். பைக்காக இருந்தால் செயின் பக்கம் பாருங்கள்.

வாத்துக்கூட்டம், அறுப்புக்குப் பிறகு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடை போட வருகிற ஆடு, ரோட்டை முழுக்கப் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி வருகிற வைக்கோல் லாரி, இதெல்லாம் நம் ஊரின் பருவம். மழைமேல் யாராவது கோபப்படுவார்களா? காலண்டரைப் பார்த்துப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள், அவ்வளவுதான். வியாழக்கிழமை ஆலங்குடியும் இந்தக் கணக்குதான். வெளியூர் வேன் டிரைவருக்கு ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் ஒரே நாளில் முடித்தாகவேண்டும், மத்தியானம் நடை சாத்துவதற்குள் இன்னொரு கோயிலுக்கு ஓடவேண்டும். அவர் கண்ணுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். வழியை விட்டுவிடுங்கள், அவர் உங்கள் ஊரைவிட்டுப் போனால் போதும்.

கேட் விஷயத்துக்கு வருகிறேன். இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். இடது பக்கம் ஒழுங்காக ஒரு வரிசை நிற்கும். ஒருத்தர் வலது பக்கம் ஏறி முன்னால் போய் நிற்பார். அவரைப் பார்த்து இன்னொரு பைக், அதற்குப் பின்னால் ஒரு லோடு ஆட்டோ, கடைசியில் ஒரு மினி பஸ். அந்தப் பக்கமும் இதே கதை. கேட் தூக்கினதும் இரண்டு கூட்டமும் தண்டவாளத்தின்மேல் முகத்துக்கு முகம் நின்று, பல்லோடு பல் கோத்த இரண்டு சீப்பு மாதிரி நகர முடியாமல் மாட்டிக்கொள்ளும். ரயில் போன நேரத்தைவிட இந்தச் சிக்கல் பிரிகிற நேரம் அதிகம். இதற்கு வறுமை காரணமில்லை, பருவம் காரணமில்லை, தெரியாமையும் காரணமில்லை. வரிசையைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஆள் வலதுபக்கம் ஏறுகிறார். அந்த நேரம் நீடாமங்கலத்திலிருந்து ஒரு 108 கிளம்பி மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. வழிவிட மனசு இருந்தாலும் அங்கே இடம் இருக்காதே.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வண்டியை இடது வரிசையில் நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணுங்கள். முன் வண்டிக்குப் பின்னால் ஒரு பைக் நுழைகிற இடைவெளி விட்டு நில்லுங்கள். எதிரே வருகிற மினி பஸ்ஸுக்கு ஒதுங்க ஒரு இடம் வேண்டுமென்றால் அந்த இடைவெளிதான் உதவும். அதை யாராவது நிரப்புவார்கள், எரிச்சலாக இருக்கும். பரவாயில்லை. வலது பக்கம் ஏறினவர் திரும்பிவந்து உங்கள் முன்னால் நுழைய கெஞ்சும்போது என்ன செய்வீர்கள் என்பதை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன். நான் விடுவதில்லை.

இதே கணக்கில் இன்னும் மூன்றைச் சேருங்கள்: பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் ராத்திரி போகிற டிராக்டர் டிப்பர், வளைவிலும் பாலத்திலும் ஓவர்டேக் பண்ணுகிற பஸ், ஏர் ஹாரன். பல சுரத்தில் அலறுகிற ஹாரன்களுக்கு 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே தடை இருக்கிறது. பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிக்கிறவரைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேவையில்லாமலோ தொடர்ந்தோ ஹாரன் அடித்தால் சட்டப்படி முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்தடுத்த தடவைக்கு 2,000. யாரும் பிடித்துக் கட்டவைத்ததை நான் பார்த்ததில்லை. லாரிக்குப் பின்னால் "சவுண்ட் ஹாரன்" என்று எழுதிவைத்தே வளர்ந்த நாடு இது. வளைவில், மதகடித் திருப்பத்தில் ஒரு தடவை அடிப்பது கடமை. கல்யாண மண்டப வாசலில் அடிப்பதற்குப் பெயர் வேறு.

ஹாரன் அடிக்கிறவருக்கு அவசரம்தான் காரணம் என்றும் நம்பாதீர்கள். 1968-ல் அமெரிக்காவில் டூப், கிராஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள் கலிபோர்னியாவில் ஒரு சோதனை செய்தார்கள். சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் நகராமல் ஒரு கார் நிற்கும். ஒரு தடவை பளபளக்கும் விலையுயர்ந்த கார், இன்னொரு தடவை துருப்பிடித்த பழைய கார். பழைய காருக்குப் பின்னால் நின்றவர்கள் சீக்கிரமே ஹாரனில் கை வைத்தார்கள். பெரிய காருக்குப் பின்னால் பொறுமை இருந்தது. நம் ஊரில் இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. கட்சிக் கொடி கட்டின வெள்ளை காருக்குப் பின்னால் யார் ஹாரன் அடிக்கிறார்கள்? டிவிஎஸ் 50-ல் கீரைக் கட்டோடு போகிற பெரியவருக்குப் பின்னால் எத்தனை பேர்? உங்களையும் ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். கணக்கர்தானே, கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒட்டிவருகிறவரிடமிருந்து தப்பிக்க ஒரே வழி அவரை முன்னால் அனுப்புவது. திடீரென்று பிரேக் அடித்துப் பயம் காட்டுவதும், வேகத்தைக் கூட்டி இடம் கொடுக்காமல் இழுப்பதும் சண்டைக்கு இழுக்கிற வேலை. நீடாமங்கலத்திலிருந்து கும்பகோணம் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சராசரி 60-ல் போனால் 25 நிமிடம், 50-ல் போனால் 30. அந்த ஐந்து நிமிடத்துக்காக அவர் உங்கள் பம்பரில் முட்டிக்கொண்டு வருகிறார். அவருக்கு அது பெரிசு என்றால் கொடுத்துவிடுங்கள்.

சின்ன சின்ன எரிச்சல்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பாலத்தில் நிறுத்திப் பேசுகிறவரை லேசாக ஒரு ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி "கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்றால் வேலை முடிந்தது. இதற்கு ரத்தம் கொதிக்கவேண்டாம். மார்கழிப் பனியில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்கள், நாற்சந்தியில் நேராகப் போகிறேன் என்பதற்கு நாலையும் போடுகிறவர்கள், இவர்கள் நல்ல எண்ணத்தோடு தப்புப் பண்ணுகிறவர்கள். அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. நாலும் மின்னும்போது நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியவே தெரியாது. லாரிக்காரர் இண்டிகேட்டர் காட்டிப் "போ" என்றால் அது அவருடைய மரியாதை. ஆனால் அவர் நிஜமாகவே வலதுபக்கம் திரும்பப்போகிறாரா என்பதை நீங்களே பார்த்துத்தான் ஏறவேண்டும். பகலில் பைக்கைப் பார்த்து ஐந்து விரலையும் மூடித் திறந்து "லைட் எரியுது" என்று காட்டுகிற பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம். 2017 ஏப்ரலிலிருந்து வந்த பைக் எல்லாவற்றிலும் லைட் அணையாமல் எரிகிற மாதிரிதான் செய்கிறார்கள் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். அதெல்லாம் எரிச்சலில் சேர்த்தி இல்லை.

இனி அந்த ஹெட்செட் பையன்.

இடுக்கில் புகுந்து வருகிறான் என்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வரை நீங்கள் எந்தப் பக்கம் புகுந்தீர்கள்? பைக்கில் இருந்தபோது அது சாமர்த்தியமாக இருந்தது. காரில் உட்கார்ந்ததும் அது திமிராகத் தெரிகிறது. ரோடு மாறவில்லை, நீங்கள் உட்காருகிற உயரம் மாறியிருக்கிறது. இது உங்கள் ஒருவர் குணமும் இல்லை. ஓலா ஸ்வென்சன் என்ற ஸ்வீடன் ஆய்வாளர் 1981-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் கேட்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 93 பேர் ஓட்டும் திறமையில் தாங்கள் மேல்பாதியில் இருப்பதாகச் சொன்னார்கள். ஸ்வீடனில் 69 பேர். மேல்பாதியில் ஐம்பது பேருக்குத்தான் இடம். என் பள்ளியில் முதல் நாள் யாரைக் கேட்டாலும் "நான் ஓரளவுக்கு நல்லாத்தான் ஓட்டுவேன் சார், மத்தவங்கதான்" என்பார்கள். இன்னும் கிளட்ச் பிடிக்கவே வராது.

அந்தப் பையன் உங்களை அவமானப்படுத்தினான் என்று நினைத்து விரட்டினீர்கள். ஆலங்குடியிலிருந்து வலங்கைமான் வரை உங்களுக்கும் அவனுக்கும் ஒரு சண்டை நடந்தது. அதில் அவன் கலந்துகொள்ளவே இல்லை. காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்செட் போட்டு ஓட்டினது அவன் தப்பு, கட் அடித்தது தப்பு. ஆனால் அவன் செய்த தப்பில் நீங்கள் இல்லவே இல்லை. ரோட்டில் நம்மை எரிச்சலூட்டுகிறவர்களில் பெரும்பாலானவர் இந்த ரகம்தான்: நம்மை எதிர்க்கிறவர் இல்லை, நம்மைக் கவனிக்காதவர். எதிர்க்கிறவரிடம் காட்டவேண்டிய கோபத்தைக் கவனிக்காதவரிடம் காட்டினால் "என்ன சார் ஆச்சு?" என்ற பதில்தான் வரும். அவ்வளவு தூரம் அவன் பின்னாலேயே போனீர்களே, அப்போது உங்கள் இடது பக்கம் யார் போனார்கள், எதிரே என்ன வந்தது, ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? பந்தயம் கட்டிச் சொல்கிறேன், இருக்காது. விரட்டிய அந்த நேரம், அந்த ரோட்டில் யாரையும் கவனிக்காத இன்னொரு ஆள் நீங்கள்.

உங்கள் மனைவி பஸ்ஸில் போவதற்குக் காரணம் நீங்கள் பேசுகிற கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போலிருக்கிறது. கேட்டுப் பாருங்கள், வேறு காரணம் சொல்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபம் வந்ததும் உங்கள் கால் எங்கே போகிறது என்பது பக்கத்து சீட்டில் இருக்கிறவருக்குத்தான் தெரியும். இல்லாத பிரேக்கை அவர்கள் மிதிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? என் வண்டியில் எனக்கு நிஜமாகவே இடது பக்கம் ஒரு பிரேக் இருக்கிறது, அதனால் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன். அவருக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "எங்கே பயமா இருக்கோ அங்கே சொல்லு, நான் பதில் பேசமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பதில் பேசாமல் இருப்பதுதான் அதில் கஷ்டமான பாகம்.

மகன் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. திட்டுகிறான் என்று வருத்தப்படுகிறீர்கள். பத்தாவது படிக்கிறவன் ஸ்கூட்டி ஓட்டுகிறான் என்பதை வருத்தமில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். பதினாறு முடிந்தால் கியர் இல்லாத 50 சிசி வரையிலான வண்டிக்குத்தான் லைசென்ஸ். இப்போது ஓடுகிற ஸ்கூட்டிகள் அதைவிடப் பெரியவை, அதற்குப் பதினெட்டு ஆகவேண்டும். மைனர் ஓட்டி ஏதாவது நடந்தால் 199ஏ பிரிவின்படி மாட்டுகிறவர் பெற்றோரும் வண்டிச் சொந்தக்காரரும்: மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. மற்றவரைப் பற்றி இத்தனை குற்றம் எழுதினீர்களே, இதற்குச் சமமாக அதில் ஒன்றுகூட இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அந்தச் சாவியை வாங்கி வையுங்கள். டியூஷனுக்கு சைக்கிள் போதும். அவன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். கூடப் படிக்கிற எல்லாரும் ஓட்டுகிறார்கள் என்பான். உண்மையாகவும் இருக்கலாம். கொடுக்காதீர்கள்.

கேமரா வாங்குங்கள், தப்பில்லை. ஏதாவது இடித்துவிட்டால் யார் பக்கம் தப்பு என்று பஞ்சாயத்துப் பேசாமல் தீர்க்க உதவும். ஆனால் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் குரூப்பில் இருக்கிற யாரும் அந்த டிரைவரை நிறுத்தப்போவதில்லை. உங்களுக்குத்தான் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கோபம் ஆறாமல் இருக்கும். அதற்குப் பதில், வளைவில் ஏறிவந்த பஸ்ஸாக இருந்தால் பதிவெண், தடம், இடம், நேரம் நாலையும் வண்டியை நிறுத்திய பிறகு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பணிமனைக்கு ஒரு கடிதம், இல்லையென்றால் முதல்வரின் உதவி எண் 1100. உடனடி ஆபத்து என்றால் 112. "திமிர் பிடித்தவன், படிக்காதவன்" என்றெல்லாம் எழுதாதீர்கள். எந்த மதகு, எந்தத் திருப்பம், எதிரே என்ன வந்தது என்று மட்டும் எழுதுங்கள். நடவடிக்கை எடுக்க நினைக்கிற அதிகாரிக்கு அதுதான் தேவை. ஏதாவது பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்தத் திருப்பத்தில் என் பிள்ளைகளும்தான் வண்டி பழகுகிறார்கள்.